ஐந்து முளைகள், ஒரு கோடு

பூட்டுத் தொழில் கற்பவர்களுக்கென்று பக்கவாட்டில் சீவப்பட்ட பூட்டு ஒன்று விற்கிறார்கள். பித்தளை உடம்பின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்திருப்பதால் உள்ளே நடப்பது அத்தனையும் வெளியே தெரியும். சாவியை நுழைக்க நுழைக்க முளைகள் ஏறுகின்றன, இறங்குகின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தத்தளிக்கின்றன. சாவி கடைசி மில்லிமீட்டரைக் கடந்து முட்டி நின்றதும் எல்லாம் ஒரே கோட்டில் அடங்கிவிடுகின்றன. பார்த்துக்கொண்டிருக்கும் எவரும் சாவியை உருவி இன்னொரு தரம் நுழைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. நானும் விடவில்லை. அன்றாடம் கை செய்கிற ஒரு காரியத்தின் உட்பக்கம் கண்ணுக்குக் கிடைப்பது அபூர்வம். சாவி போடும்போது இத்தனை நாளும் கேட்ட அந்த 'கிரிக் கிரிக்', சாவியின் மேடுகள்மீது முளைகள் ஏறி விழும் சத்தம் என்பதே அப்போதுதான் உறைக்கிறது.

இதன் பெயர் பின் டம்ளர் பூட்டு. நம் கடைகளில் சிலிண்டர் பூட்டு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வாசற்கதவில் நைட் லாட்ச்சாக, அலுவலகக் கதவில், சின்னப் பித்தளைத் தொங்கு பூட்டில் என்று எங்கும் இருப்பது இதுதான். பாகங்கள் அதிகமில்லை. அசையாத வெளிக்கூடு ஒன்று. அதற்குள் சுழலக்கூடிய உருளை ஒன்று. சாவித்துளை இருப்பது இந்த உருளையில். கூட்டின் மேற்பகுதியில் தொடங்கி உருளைக்குள் இறங்கும் துளைகள் வரிசையாக ஐந்து. சில பூட்டுகளில் ஆறு. ஒவ்வொரு துளையிலும் அடியில் ஒரு பித்தளை முளை, அதன்மேல் இன்னொரு முளை, அதற்கும் மேலே கீழ்நோக்கி அழுத்தும் ஒரு ஸ்பிரிங். கீழ்முளைகள் சாவியைத் தொடுபவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். மேல்முளைகள் பெரும்பாலும் ஒரே நீளம். உருளையின் பின்னால் ஒரு வால். உருளை திரும்பினால் வாலும் திரும்பித் தாழை இழுக்கும். தாழும் கைப்பிடியும் தனிக்கதை. சூட்சுமம் முழுவதும் கட்டைவிரல் பருமனுள்ள இந்தப் பித்தளைக்குள் முடிந்துவிடுகிறது.

சாவி இல்லாதபோது மேல்முளைகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக இறங்கி நிற்கும். மாவு திரிக்கும் திருகையில் மேல்கல்லையும் கீழ்க்கல்லையும் சேர்த்துத் துளைபோட்டு ஓர் இரும்புக் கம்பியைச் செருகிவிட்டால் கல் சுற்றுமா? அதே கதைதான். அந்தக் கம்பி, இரண்டு கல்லும் சந்திக்கும் இடத்தில் சரியாக இரண்டு துண்டாகியிருந்தால் மட்டும், உள்ளேயே கிடந்தாலும் கல் தடையில்லாமல் சுற்றும். முளைகள் இரண்டிரண்டாக இருப்பது இதற்காகத்தான். கீழ்முளையும் மேல்முளையும் தொட்டுக்கொள்ளும் வெட்டு, உருளையும் கூடும் தொட்டுக்கொள்ளும் விளிம்போடு பொருந்த வேண்டும். அந்த விளிம்பைப் பிரிகோடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வெட்டுகளையும் ஒரே நேரத்தில் பிரிகோட்டுக்குக் கொண்டுவருவதோடு சாவியின் வேலை முடிந்தது. திருப்புவது கை.

சாவியின் பல்வரிசையில் ஏதோ உருவம் பொதிந்திருப்பதாக நமக்கு ஒரு நினைப்பு. அதில் இருப்பது ஒரு கழித்தல் கணக்கு. பள்ளம் ஆழமான இடத்தில் நீளமான கீழ்முளை, மேடான இடத்தில் குட்டை முளை. எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் சாவியின் உயரத்தையும் முளையின் நீளத்தையும் கூட்டினால் ஒரே எண்தான் வரும். ஆகவே பூட்டைப் பிரித்து முளைகளை வரிசை குலையாமல் மேசைமேல் அடுக்கினால், தொலைந்துபோன சாவி அங்கே தலைகீழாகக் கிடக்கும். பாதி திருப்பிய நிலையில் சாவியை உருவ முடியாததற்கும் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. உருளை திரும்பியதும் கீழ்முளைகளுக்கு மேலே இருந்த துளை விலகிக் கூட்டின் சுவர் வந்துவிடுகிறது. முளைகள் எழும்ப இடமில்லை; சாவியின் மேடுகள் அவற்றைத் தாண்டி வெளிவர வழியில்லை. சாவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இந்தக் குணத்துக்கென்று தனியாக ஒரு பாகமும் கிடையாது. அமைப்பிலிருந்து தானாக விளைகிறது. நல்ல இயந்திரங்களில் இப்படி இலவசமாகக் கிடைக்கும் குணங்கள் சில இருக்கும். எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம்.

முளையால் தாழைத் தடுக்கும் யோசனை மிகப் பழையது. எகிப்திலும் மேற்காசியாவிலும் மரத்திலேயே செய்தார்கள். மரத்தாழில் துளைகள் இருக்கும். மேலிருந்து மரமுளைகள் தம் எடையால் அவற்றில் விழுந்து தாழைப் பிடித்துக்கொள்ளும். சாவி என்பது முனையில் குச்சிகள் நிமிர்ந்து நிற்கும் ஒரு மரத்துண்டு. அதைத் தாழுக்குள் விட்டு மேலே தூக்கினால் முளைகள் எழும், தாழை இழுத்துவிடலாம். இந்தப் பூட்டுக்குப் பல நூல்கள் 4000 ஆண்டு வயது கொடுக்கின்றன. கூடவே கோர்சாபாத் அரண்மனை இடிபாடுகளைச் சான்றாகவும் காட்டுகின்றன. கோர்சாபாத், இரண்டாம் சர்கோன் என்ற அசீரிய மன்னன் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய நகரம். 2700 ஆண்டு என்பதே போதுமான பெருமை. ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மரப்பூட்டில் ஒரு பெரிய குறை இருந்தது. முளைகளைப் போதுமான உயரம் தூக்கினால் சரி. அதற்குமேல் எவ்வளவு தூக்கினாலும் தவறில்லை. 1778இல் லீவர் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கிய ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் அடைத்தது இந்த ஓட்டையைத்தான். அவருடைய பூட்டில் லீவர் குறைவாக எழுந்தாலும் தாழ் நகராது, அதிகமாக எழுந்தாலும் நகராது. முளையை இரண்டு துண்டாக்கியபோது அதே நிபந்தனை முளைப் பூட்டுக்கும் வந்து சேர்ந்தது. குறைவாகத் தூக்கினால் மேல்முளை பிரிகோட்டில் குறுக்கே நிற்கும். அதிகமாகத் தூக்கினால் கீழ்முளை குறுக்கே நிற்கும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இதைச் செய்தவர்கள் லைனஸ் யேல் என்ற ஒரே பெயருடைய தகப்பனும் மகனும். தகப்பன் நியூயார்க் மாநிலத்தில் நியூபோர்ட் என்ற சிற்றூரில் வங்கிகளுக்குப் பூட்டு செய்தவர். 1840களில் முளைப் பூட்டை உலோகத்தில் வார்த்தவர். மகன் 1821இல் பிறந்தார். முதலில் உருவப்படம் வரையும் ஓவியராக இருந்துவிட்டுப் பிறகுதான் பூட்டுக்கு வந்தார். 1861இலும் 1865இலும் அவர் பெற்ற காப்புரிமைகள் நம் சாவிக்கொத்து வரைக்கும் வந்துவிட்டன. அதுவரை சாவி கதவின் தடிமன் முழுவதையும் ஊடுருவிப் போய்த் தாழைத் தொட வேண்டியிருந்தது. கதவு கனமானால் சாவியும் நீண்டது, இடுப்பில் ஆயுதம்போலத் தொங்கியது. யேல் உருளையைத் தனியாகப் பிரித்துக் கதவின் வெளிமுகத்தில் வைத்தார். தாழுக்கும் அதற்கும் இடையே வாலைக் கொடுத்தார். கதவு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சாவி விரல் நீளம் போதும் என்றாயிற்று. தட்டையான, சட்டைப் பையில் போடும் சாவி அப்படி வந்தது. 1868இல் ஹென்றி டவுன் என்பவரோடு கூட்டுச்சேர்ந்து கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டில் தொழில் தொடங்கிய அவர், அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 47 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார்.

இனி கணக்கு. ஷ்லேக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சாவியில் ஒவ்வொரு பள்ளமும் பத்து ஆழங்களில் ஒன்றாக இருக்கலாம். ஓர் ஆழத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். ஐந்து முளை, பத்து ஆழம் என்றால் பத்தை ஐந்து முறை பெருக்கி 1,00,000 சாவிகள். நடைமுறையில் இது குறையும். மிக ஆழமான பள்ளத்தை ஒட்டி மிக உயரமான மேடு வந்தால் சரிவு செங்குத்தாகி முளை அதில் ஏற முடியாமல் சிக்கிக்கொள்ளும் என்பதால் அப்படிப்பட்ட அடுத்தடுத்த எண்களைத் தவிர்த்துவிடுவார்கள். போகட்டும், லட்சம் என்றே வைத்துக்கொண்டால், சாவிக்கு ஐந்து விநாடி வீதம் ஒருவன் தூங்காமல் முயன்றாலும் கிட்டத்தட்ட ஆறு நாள் ஆகும்.

இந்த லட்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். பூட்டு ஐந்து கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறது. ஐந்துக்கும் சரியான விடை வரும்வரை அதன் பதில் ஒன்றே: திரும்பமாட்டேன். நாலு சரி, ஒன்று தவறு என்றாலும் திரும்பமாட்டேன். ஐந்தும் தவறு என்றாலும் அதே திரும்பமாட்டேன். எது சரி, எது தவறு, இன்னும் எவ்வளவு தூரம் என்று அது மூச்சுவிடாது. பெருக்கல் முழுவதும் இந்த மௌனத்தில் இருக்கிறது. பித்தளையின் கடினமோ எஃகின் தடிமனோ அல்ல, தன்னைப் பற்றி எதையும் தவணை முறையில் சொல்லாத குணமே பூட்டின் பலம்.

ஆனால் பூட்டு சொல்லிவிடுகிறது. உருளை கூட்டுக்குள் சுழல வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இல்லாத பூட்டு, சொந்தச் சாவிக்கும் திரும்பாது. தவிர, ஐந்து துளைகளையும் அப்பழுக்கில்லாத நேர்கோட்டில் போடுவது எந்த இயந்திரத்தாலும் ஆகாத காரியம். ஒன்று இம்மியளவு இடப்பக்கம் தள்ளியிருக்கும், இன்னொன்று வலப்பக்கம். ஆகவே சாவி இல்லாமல் உருளையை லேசாகத் திருப்பி அழுத்தினால் ஐந்து மேல்முளைகளும் ஒரே சமயத்தில் இறுகுவதில்லை. ஏதோ ஒன்று முதலில் இறுகும். மெல்லிய கம்பியால் வரிசையாகத் தொட்டுப் பார்த்தால் மற்றவை ஸ்பிரிங்கில் துள்ளும். அது மட்டும் பிடிவாதமாக நிற்கும். அதை மெதுவாகத் தூக்க, வெட்டு பிரிகோட்டைத் தொடும் கணத்தில் உருளை கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும். அந்த நகர்வில் துளையின் ஓரம் ஒரு சிறு திண்ணையாகி, மேல்முளை அதன்மேல் உட்கார்ந்துவிடும், மறுபடி இறங்காது. இப்போது வேறொன்று இறுகும். அதற்குப் பிறகு இன்னொன்று.

பத்தைப் பத்தால் பெருக்க வேண்டியிருந்த இடத்தில் பத்தோடு பத்தைக் கூட்டினால் போதும் என்றாகிவிடுகிறது. ஒரு லட்சம், ஐம்பதாகச் சுருங்கிவிடுகிறது. ஆறு நாள் வேலை, பழகிய கைக்குச் சில நிமிட வேலை. சாவிக்கு வழிவிடும் அந்த மயிரிழை இடைவெளிதான் கம்பிக்கும் வழிவிடுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க முடியாது. துல்லியத்தைக் கூட்டினால் கம்பிக்குக் கிடைக்கும் சேதி குறையும், விலை ஏறும். சேதி அடியோடு நிற்காது.

இது தொழிற்சாலைகளுக்குத் தெரியாததல்ல. மேல்முளையை இரு முனையும் தடித்து, இடை மட்டும் சிறுத்ததாகக் கடைகிறார்கள். கம்பியால் தூக்கும்போது அந்தச் சிறுத்த இடை பிரிகோட்டில் வந்து நிற்கும், உருளை சில டிகிரி திரும்பும், திறந்துவிட்டது என்ற நம்பிக்கை பிறக்கும், அத்தோடு சரி. மீள வேண்டுமானால் திருப்பும் விசையைத் தளர்த்தி முளையை இன்னும் தூக்க வேண்டும். தளர்த்தினாலோ ஏற்கெனவே உட்காரவைத்த முளைகள் விழுந்துவிடலாம். மௌனம் காக்க முடியாத பூட்டு பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. 1968இல் வர்ஜீனியாவில் தொடங்கிய மெடிகோ நிறுவனம், முளை சரியான உயரத்துக்கு எழுந்தால் மட்டும் போதாது, சரியான கோணத்துக்குத் திரும்பவும் வேண்டும் என்று இன்னொரு கேள்வியைச் சேர்த்தது. எல்லாம் நல்ல தந்திரங்கள். தாமதப்படுத்தும், முடிவாகத் தடுக்காது.

தடுக்கும் என்று அறுபது ஆண்டு நம்பியவர்களும் உண்டு. 1784இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற பூட்டு லண்டன் பிக்கடில்லியில் அவர் கடைச் சன்னலில் 1790 முதல் இருந்தது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு. 1851 உலகப் பொருட்காட்சிக்கு ஒரு நியூயார்க் நிறுவனத்தின் பூட்டை விற்பதற்காக வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், முதலில் இங்கிலாந்தின் மற்றொரு பெருமையான சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமாவின் சன்னலுக்கு வந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் வேலை செய்து அதையும் திறந்தார். உள்ளே 18 தகடுகள். அவர் கையாண்ட வழியிலும் புதுமை ஏதுமில்லை: விடாத ஓர் அழுத்தம், தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எது இறுகுகிறது என்று பார்ப்பது. பெருக்கல் கூட்டலானதுதான். ஹாப்ஸ் விற்க வந்த பூட்டின் கதையும் சொல்லப்பட வேண்டும். சில ஆண்டுகளில் இளைய யேல் அதைத் திறந்துகாட்டினார். அதோடு வங்கிப் பெட்டகங்களைப் பொறுத்தவரை சாவித்துளையே இல்லாத எண்சக்கரப் பூட்டுகளின் பக்கம் போய்விட்டார். உலகத்துச் சாவித்துளைகளில் பாதிக்குத் தன் பெயரைக் கொடுத்தவர், பணம் இருக்கும் இடத்தில் சாவித்துளையை நம்பவில்லை.

எண்சக்கரம் மட்டும் வாய் மூடியிருந்ததா என்றால், அதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு தயாரான லாஸ் அலமோஸில் ரகசியக் கோப்புகள் எண்பூட்டுப் பெட்டிகளில் இருந்தன. மூன்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் நூறு வாய்ப்பு, மொத்தம் பத்து லட்சம். இளம் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் பொழுதுபோகாமல் சக்கரத்தைத் திருகிப் பார்த்து, சரியான எண்ணுக்கு இரண்டு முன்பின் இருந்தாலும் பூட்டு ஏற்றுக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். நூறு இருபதாயிற்று, பத்து லட்சம் 8000 ஆயிற்று. அடுத்து, பெட்டி திறந்திருக்கும்போது சும்மா சக்கரத்தைத் திருப்புவதுபோல் கடைசி இரண்டு எண்களைத் தெரிந்துகொண்டுவிடலாம் என்று கண்டார். 8000 இருபதாயிற்று. அதே அணுகுண்டுத் திட்டத்தின் இன்னொரு தளமான ஓக் ரிட்ஜில் ஒரு கர்னலின் பெட்டியை அவர் கண்ணெதிரே திறந்துகாட்டி, வேலை நேரத்தில் பெட்டியைத் திறந்துபோடாதீர்கள் என்று எச்சரித்தார். கர்னல் நடவடிக்கை எடுத்தார்: ஃபெயின்மன் உங்கள் அறைக்கு வந்திருந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சுற்றறிக்கை போனது. பெட்டிகள் முன்போலவே திறந்து கிடந்தன. ஓட்டையைச் சொன்னவனே ஓட்டை என்று முடிவுகட்டும் இந்த அலுவலகப் புத்திக்கு நாடு, மொழி கிடையாது.

நம் பூட்டுக்குத் திரும்புவோம். கல்லூரி விடுதி, ஓட்டல், பெரிய அலுவலகம் போன்ற இடங்களில் ஒவ்வொரு அறைக்கும் தனிச் சாவி, நிர்வாகியிடம் எல்லா அறைக்குமான மாஸ்டர் சாவி. இதற்காக முளைப் பூட்டுக்குள் செய்வது ஒரு சின்ன மாற்றம். கீழ்முளைக்கும் மேல்முளைக்கும் நடுவே ஒரு சின்னத் துண்டை வைப்பார்கள். ஒரு வெட்டு இருந்த இடத்தில் இரண்டு வெட்டுகள் வரும். ஓர் உயரத்தில் அறைச் சாவிக்குப் பொருந்தும், இன்னோர் உயரத்தில் மாஸ்டர் சாவிக்கு. வசதிக்கு விலை உண்டு: ஐந்து இடத்திலும் இரண்டிரண்டு வெட்டு என்றால் பூட்டு இரண்டு சாவிகளுக்கல்ல, 32 விதமான சாவிகளுக்குத் திரும்பும்.

இதிலுள்ள பெரிய ஆபத்தை 2003 தொடக்கத்தில் மேட் பிளேஸ் வெளியிட்டார். அப்போது ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்தவர். பூட்டுக்காரர் அல்ல, மறைகுறியீட்டு ஆராய்ச்சியாளர். ஓர் அறையின் சாவியும் அந்த அறைப் பூட்டும் கையில் இருந்தால் மாஸ்டர் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார். சொந்தச் சாவியின் நாலு இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஐந்தாவது இடத்தை மட்டும் ஒவ்வோர் ஆழமாக மாற்றிப் பார்க்க வேண்டும். நாலு விடை ஏற்கெனவே சரி என்பதால் பூட்டு இப்போது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொந்த ஆழம் தவிர வேறெந்த ஆழத்துக்குத் திரும்பினாலும் அது மாஸ்டரின் எண். இப்படி ஐந்து இடத்துக்கும் மொத்தம் 45 முயற்சி. கணினிக் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகத் தனித்தனியே சரிபார்த்துச் சொல்லும் மடத்தனமான நிரலைப் பார்த்துப் பழகிய கண், பூட்டுக்குள்ளும் அதே மடத்தனத்தைக் கண்டது. இங்கேயும் பெருக்கல் கூட்டலாகிவிட்டது, கம்பிகூட வேண்டியதில்லை.

பூட்டுக்காரர்கள் கொதித்தார்கள். இது எங்களுக்கு எப்போதோ தெரியும், ஊருக்குச் சொல்லக் கூடாத விஷயம் என்பது அவர்கள் வாதம். கதவுக்குப் பின்னால் தூங்குகிற மாணவிக்குத் தெரியாது, பக்கத்து அறைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம், பூட்டுக்காரர்களுக்குள் பரம்பரையாகத் தெரியும் என்றால் அந்த ரகசியம் யாரைக் காப்பாற்றுகிறது? இந்தச் சண்டை புதிதல்ல. ஹாப்ஸ் எழுதி 1853இல் சார்லஸ் டாம்லின்சன் தொகுத்து வெளியிட்ட பூட்டுப் புத்தகத்திலேயே இது வந்துவிட்டது: திருடர்கள் தம் தொழிலில் கெட்டிக்காரர்கள், நாம் கற்றுத்தர வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை, தெரியாமல் இருப்பவர்கள் நேர்மையானவர்கள்தான் என்பது அதன் வாதம். முப்பது ஆண்டு கழித்து, 1883இல், ராணுவ மறைகுறியீடுகளைப் பற்றி எழுதிய ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் இதையே நெறியாக்கினார். அமைப்பு எதிரியின் கையில் சிக்கினாலும் குடிமுழுகிப் போகக் கூடாது. காக்க வேண்டிய ரகசியம் சாவி ஒன்றே. பூட்டைப் பொறுத்தவரை அந்த ரகசியம் ஐந்து எண்கள். கூடு, உருளை, முளை, ஸ்பிரிங், இடைவெளி எல்லாம் ஊரறிந்த விஷயமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பள்ளிக்கூடத்தில் மின்மணியைப் பிரித்துக் காட்டுவதுபோல ஒரு பூட்டையும் பிரித்துக் காட்டலாம் என்பது என் கட்சி.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது லீவர் பூட்டு, கையால் அரம்போட்டுச் செய்வது. அதன் நுட்பம் தனிக்கட்டுரை கேட்கும். ஆனால் முளைப் பூட்டோடு நம் ஊர்களுக்கு உள்ள உறவு பெரும்பாலும் நடைபாதையில் சாவி வெட்டுகிறவர் மூலமாகத்தான். அவருடைய இயந்திரத்தில் இரண்டு பிடிகள்: ஒன்றில் மூலச் சாவி, மற்றதில் வெற்றுச் சாவி. ஒரு முள் மூலத்தின் மேடுபள்ளத்தில் ஊர, அதோடு பிணைந்த சக்கரம் வெற்றுச் சாவியைக் கடைந்துகொண்டே போகும். பத்து வருஷம் தேய்ந்த சாவியைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுக்கும். ஓர் ஆழத்துக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உலகத்தில், நகலின் நகலை நகலெடுத்தால் கதவு ஏன் மக்கர் பண்ணாது? நல்ல பூட்டுக்காரர் தேய்ந்த சாவியைப் பார்த்து எண்களை ஊகித்து, அந்த எண்களுக்குப் புதிதாக வெட்டிக் கொடுப்பார். சாவி என்பது உலோகமல்ல, எண் என்பதை அவர் வேலையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

எண் என்றால் அதைக் கண்ணாலும் திருடலாம். 2008இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாலு மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து 195 அடி தூரத்தில் மேசைமேல் கிடந்த சாவிகளைத் தொலைநோக்கி வழியே படமெடுத்து, மென்பொருளால் அவற்றின் எண்களைப் படித்துக் காட்டினார்கள். படம் சாய்வாக இருந்தாலும் மென்பொருள் நிமிர்த்திக்கொண்டது. புதுவீட்டுச் சாவியை உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்து முகநூலில் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

வாடகை வீடு மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மூரில் பழைய பூட்டையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுப்பூட்டு வாங்குவார்கள், அல்லது ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவார்கள். இரண்டும் வேண்டியதில்லை. சிலிண்டரை மட்டும் கழற்றி, விவரம் தெரிந்த பூட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கீழ்முளைகளை மாற்றிப் புதுச் சாவி வெட்டித் தரச் சொல்லுங்கள். கூடும் உருளையும் தாழும் அப்படியே இருக்கும். ஐந்து எண்கள் மட்டும் மாறும். முன்பு குடியிருந்தவர், வீட்டுத் தரகர், வெள்ளையடிக்க வந்தவர் என்று யார் யாரிடம் இருக்கிறதோ, அந்தச் சாவிகள் எல்லாம் அன்றோடு செல்லாது. பூட்டி முடிக்கும்போது தேங்காய் எண்ணெய் விட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்; எண்ணெயில் தூசி ஒட்டி முளைகள் சிக்கும். பென்சில் கரியான கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போதும்.